நான் கால் வைக்காத கொஸ்தா ரிக்கா

கொஸ்தா ரிக்காவுக்கு ஆரும் போறதெண்டால் என்னட்டைக் கேளுங்கோ. நான் போனதில்லை. யாழ்ப்பாணம் தெரியும், இத்தாலியிலை நாங்கள் இருக்கிற பலேர்மோ தெரியும், ஒருக்கால் ரோமுக்குப் போனன், அவ்வளவுதான். ஆனால் மத்திய அமெரிக்காவிலை கிடக்கிற அந்தச் சின்ன நாட்டிலை எந்த ஆத்திலை முதலை, எந்த மலையிலை நெருப்பு, எந்தக் கடல் ஆளை உள்ளுக்கு இழுக்கும் எண்டு நித்திரையிலை தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.

எல்லாம் என்ரை மகளாலை வந்தது. இஞ்சை பல்கலைக்கழகத்திலை உயிரியல் படிக்கிறாள். இருபத்திரண்டு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. அந்த நாட்டுக் கரையொண்டிலை கடலாமையள் முட்டையிட வருமாம். அங்கை மூண்டு மாதம் நிண்டு வேலை செய்ய அவளைத் தெரிஞ்செடுத்திட்டினம். துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். நானும் சிரிச்ச முகத்தோடை "ஓம், நல்ல விசயம்" எண்டன். பிறகு குளியலறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டு போனிலை அந்த நாட்டைத் தேடிப் பாத்தன்.

அவள் வேலை செய்யப்போற இடம் தொர்த்துகேரோ. ரோட்டே இல்லை. காட்டுக்குள்ளாலை போற வாய்க்காலிலை வள்ளத்திலைதான் போக வேணும். படத்திலை பாத்தால் நல்ல வடிவு, கறுத்த மணல், தென்னை, பச்சைத் தண்ணி. நான் கேட்டது ஒண்டுதான்: "காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எதிலை போறது?" "வள்ளத்திலை அம்மா" எண்டாள், என்னவோ பஸ்ஸிலை எண்டுற மாதிரி.

லீவு நாளிலை பாக்க வேணும் எண்டு வேறை இடங்களும் சொன்னாள். அரெனால் எண்டு ஒரு எரிமலை, அடியிலை சுடுதண்ணி ஊத்து, அதுக்குள்ளை சனம் இறங்கிக் குளிக்குதாம். எரிமலைக்குக் கீழை என்ன குளிப்பு வேண்டிக் கிடக்கு எண்டு கேட்டன். "எங்கடை தீவிலை எட்னா எரிமலை புகைக்குது, நீங்கள் இருபது வருசமா இஞ்சைதானே குளிக்கிறியள்" எண்டாள். மொந்தேவெர்தே எண்ட இடத்திலை மேகம் காட்டுக்குள்ளையே இறங்கி நிக்கும், மரங்களுக்கு மேலாலை தொங்குபாலம். மனுவேல் அந்தோனியோவிலை குரங்குகள் கைப்பையைத் திறந்து சாப்பாடு களவெடுக்கும். தார்க்கோலெஸ் எண்ட ஆத்துப் பாலத்திலை நிண்டு குனிஞ்சு பாத்தால் கீழை முதலையள் வரிசையாக் கிடக்கும். அதைப் பாக்கச் சனம் காரை நிப்பாட்டுதாம். முதலைக்கு மேலை குனியிறதுக்கு எண்டே ஆக்கள் பிளேன் ஏறிப் போகினம், கடவுளே!

சும்மா சொல்லக்கூடாது, பாக்கப் பாக்க எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

பயணம் ஜூலையிலை, ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெளிக்கிடவே கூடாத நாள். அதிலையும் மூண்டு மணியிலையிருந்து நாலரை மட்டும் ராகுகாலம். விமான நிலையத்துக்கு அவளின்ரை ரயில் மூண்டு இருபதுக்கு. வேணுமெண்டு தேடினாலும் இதைவிடக் கூடாத நேரம் கிடைக்காது. எங்கடை ஆக்களிட்டை இதுக்கு ஒரு வழி இருக்கு. முதலே ஒரு நல்ல நேரம் பாத்து, போறவையின்ரை சாமானிலை கொஞ்சத்தைப் பையிலை போட்டு, வீட்டை விட்டு வெளிக்கிடுத்தி, இன்னொருத்தர் வீட்டிலை கொண்டுபோய் வைக்கிறது. அப்பவே பயணம் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். பிறகு எந்த நேரத்திலை போனாலும் பாதகமில்லை.

மகளிட்டைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு ஒரு சோடி காலுறையைத் தூக்கித் தந்தாள். "இந்தாங்கோ, இது முதல்ல போகட்டும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காலுறை மட்டும் பத்திரமாப் போய்ச் சேர்ந்து என்ன செய்ய? எது இல்லாட்டிப் பயணமே இல்லையோ, அதெல்லோ நல்ல நேரத்திலை வெளிக்கிட வேணும்! அவளுக்குச் சொல்லாமல் மேசை லாச்சியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காலுறைக்கு நடுவிலை வைச்சன். திங்கள் காலமை பத்தேகாலுக்குப் பையைக் கொண்டுபோய், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலை கடை வைச்சிருக்கிற எங்கடை ஊர் அக்காவிட்டைக் குடுத்தன். நாளைக்கு ஒரு மணிக்கு முன்னம் வந்து எடுக்கிறன் எண்டு சொன்னன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோரா அம்மாவுக்கு விருந்தாளியள் வந்திட்டினம். சமைச்சுக் கழுவி வெளிக்கிட ஒண்டரை. மத்தியானம் அக்கா கடையைப் பூட்டிப்போட்டுப் படுத்திருப்பா, முதல்ல பிள்ளையைப் பாப்பம் எண்டு வீட்டை ஓடினன்.

வீடு தலைகீழாக் கிடந்தது. கட்டிக் கிடந்த பெட்டியைத் திருப்பிக் கொட்டியிருந்தாள். அழுது அழுது கண் வீங்கிப்போச்சு. "அம்மா, பாஸ்போர்ட்டைக் காணேல்லை."

வாயைத் திறந்தன், அக்காவிட்டை இருக்கு எண்டு சொல்லத்தான். அதுக்குள்ளை வேறை ஒரு யோசினை வந்து குறுக்கை நிண்டுது. இன்னும் ஒண்டரை மணித்தியாலம் பேசாமல் இருந்தால் ரயில் போயிடும். பிளேன் போயிடும். பிள்ளை என்னோடை நிக்கும். முதலையும் இல்லை, வள்ளமும் இல்லை. ஒருத்தரும் என்னைக் குற்றம் சொல்லேலாது.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு அப்ப சந்தோசமா இருந்தது.

நானும் தேடினன். முழங்காலிலை நிண்டு கட்டிலுக்குக் கீழை பாத்தன். அலுமாரிக்குப் பின்னாலை கையை விட்டுத் துழாவினன். குப்பைவாளியையும் கிண்டினன். அது அங்கை இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டே அரை மணித்தியாலம் தேடினன். என்ரை மனுசன் ஹோட்டல் குசினியிலை வேலையிலை நிண்டார், கேக்கவும் ஆளில்லை.

அவள் தேடுறதை விட்டிட்டு நிலத்திலை இருந்திட்டாள். அழுகையும் நிண்டிட்டுது. மெல்லமாச் சொன்னாள்: "நீங்கள் பயந்தது சரிதான் அம்மா. ஒரு பாஸ்போர்ட்டைக் கவனமா வைச்சிருக்கத் தெரியேல்லை. நானெல்லாம் தனியப் போற ஆள் இல்லை."

அதைக் கேட்டு நிக்க எனக்கு ஏலாமல் போச்சு. அவள் சிரிச்சிருந்தால், என்னோடை சண்டை பிடிச்சிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பன். இது நான் அவளுக்குள்ளை போட்ட பயம், அவளின்ரை வாயாலை வருது.

"அக்காவிட்டை இருக்கு" எண்டன். "காலுறையோடை. நான்தான் வைச்சனான்."

துள்ளி எழும்பினாள். பிறகு தொடங்கினாளே! கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. இத்தாலியன், அதுவும் சந்தைக்காரர் பேசிற மாதிரி. பேசிப் பேசியே உடுப்புகளைப் பெட்டிக்குள்ளை அமத்தினாள், நான் மேலை ஏறி இருந்து ஸிப்பைப் பூட்டினன். பேச்சு வாங்க வாங்க எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, சொல்லிப்போட்டன் எண்டிருந்தது.

வெயிலுக்குள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு பல்லரோவுக்கு ஓடினம். கடை பூட்டு. அக்கா போனை எடுக்கேல்லை. மேல் மாடியிலைதான் அவ இருக்கிறா. ரோட்டிலை நிண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டன். மற்ற பல்கனியளிலை எல்லாம் சனம் எட்டிப் பாத்துது, கடைசியாத்தான் அக்கா வந்தா.

"என்னடி, ஊரை எழுப்புறாய்? நெருப்பெடுக்கவே வந்தனி?"

"அக்கா, பையைத் தாங்கோ! கெதியா!"

படி இறங்கி வர அவவுக்கு முழங்கால் விடாது. இஞ்சத்தை ஆக்கள் பாண் வாங்கக் கயித்திலை கட்டி இறக்கிற கூடை அவவிட்டையும் இருந்தது. அதுக்குள்ளை பையை வைச்சு இறக்கினா. ஆடி ஆடி அது வந்து சேர முந்தி மகள் எட்டிப் பிடிச்சிட்டாள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலை ரயில் நிண்டுது. மூண்டு மணி பத்து, ராகுகாலம் தொடங்கிப் பத்து நிமிசம். எனக்கு அதைப்பற்றி ஒரு துளி யோசினையும் இல்லை. மகள் பெட்டியை ஏத்திப்போட்டுத் திரும்பி ரயில் வாசலிலை நிண்டாள். இப்ப தமிழிலை கேட்டாள்.

"கட்டிலுக்குக் கீழை தேடேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

இல்லை, பிறகுதான் ஞாபகம் வந்தது எண்டு சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"ஓம்" எண்டன். "தெரியும்."

எனக்குக் கண்ணாலை ஓடுது. ரயில் வெளிக்கிடப் போகுது எண்டு விசில் ஊதினாங்கள். அவள் கைப்பைக்குள்ளை துழாவி எங்கடை வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து என்ரை கையிலை வைச்சு, விரல்களை மடிச்சு, தன்ரை ரெண்டு கையாலையும் அமத்திப் பிடிச்சாள்.

"மூண்டு மாசத்திலை வந்து கேப்பன்" எண்டாள். "இதையும் ஒளிச்சுப்போட்டு என்னோடை சேந்து தேடாதேங்கோ."

கதவு மூடிச்சுது. கண்ணாடிக்கு அங்காலை அவள் சிரிக்கிறாள். இஞ்சாலை நானும் அழுதுகொண்டே சிரிச்சன்.