விசாலாட்சி டீச்சர் கேட்ட இயந்திரம்

விசாலாட்சி டீச்சர் காலமான செய்தி என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய தம்பி. "அக்கா காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தா. பேப்பரை எடுத்துக் குடுக்கலாம்னு போறேன், அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மத்தியானத்துக்குள்ள எடுத்துருவோம், வந்துருங்க" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். ரிசீவரை வைத்தேன். துக்கம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பயம். நான் ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் பல வருஷங்களுக்கு முன் சொல்லியிருந்தார். நான் சொல்லவே இல்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லேக் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் இன்று ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவருடைய சனிக்கிழமைகளைத் தெரியாது. சனிக்கிழமைகளில் பாலிகஞ்சில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை நடத்தினோம். பார்வையற்ற குழந்தைகளுக்காக மரப்பலகையில் வங்காள எழுத்துகளைப் பள்ளமாகக் குடைந்து கொடுப்போம். குழந்தைகள் அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டி ஓட்டித் தங்கள் பெயரை எழுதப் பழகுவார்கள். யோசனை டீச்சருடையது. வேலை நிகில் என்ற வங்காளித் தச்சருடையது; டீச்சரை அவர் 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ரயில்வேயில் இயந்திரக் கொள்முதல் பிரிவில் உத்தியோகம் என்பதால் கருவிகளும் சாமான்களும் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள்.

நிகில் உளியால் ஒரு பலகையை முடிக்க இரண்டு நாள் ஆகும். அதனால் ரௌட்டர் வாங்கலாம் என்று முடிவாயிற்று. மோட்டாரின் நுனியில் சுழலும் பிட் என்ற வெட்டுமுனை மரத்தைப் பள்ளமாகச் சீவிக்கொண்டு போகும் கருவி அது. எழுத்துகளைக் குடைய அதைக் கையில் பிடித்து ஓட்ட வேண்டும். பலகையின் விளிம்புகளுக்கு, அதையே மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, மேலே பலகையைத் தள்ள வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே கருவிதான். எங்களுக்குக் கிடைத்த விவரத்தாள்களில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் மோட்டாரும் அடிப்பாகமும் ஒரே உடம்பு. மற்றதில் மோட்டாரைத் தனியாக உருவி எடுத்துவிடலாம். அடிப்பாகம் மேஜையிலேயே இருக்கும்.

டீச்சர் இரண்டாவதைத்தான் கேட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மோட்டாரை இறுக்கிப் பிடிக்கும் பட்டை தளர்ந்தால் மோட்டார் நழுவும், பள்ளத்தின் ஆழம் மாறும், பலகை வீணாகும் என்று வாதிட்டேன். அதோடு அது பம்பாயிலிருந்து வர வேண்டும். மற்றது இங்கேயே தயாராக இருந்தது. துர்கா பூஜைக்கு முன் நன்கொடையாளர்கள் பட்டறையைப் பார்க்க வருவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். அவர்கள் முன்னால் இயந்திரம் ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

டீச்சர் விவரத்தாளைக் கீழே வைக்காமல் சொன்னார்: "ஒத்த உடம்பா இருந்தா மேஜைக்கு அடியில நாலு போல்ட்டு போட்டு முடுக்கணும். பிட்டு மாத்த ஒவ்வொரு தடவையும் நாலையும் கழட்ட யாருக்கு சார் பொறுமை இருக்கும்? கழட்டாம அடியில கைய விட்டுத்தான் மாத்துவாங்க. மத்ததுன்னா சுவிட்ச அணைச்சு, மோட்டாரை உருவி மேஜை மேல வச்சுக்கிட்டு, கண்ணால பாத்து மாத்தலாம். இந்த ஊர்ல கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மாத்தணும்னு எழுதி ஒட்டிடலாம் டீச்சர். நான் இயந்திரம் வாங்குறவன். இதை எங்கிட்ட விடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, ஒரே உடம்பு இயந்திரத்துக்கான ஆர்டர் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

நன்கொடையாளர்கள் வந்தார்கள், கைதட்டினார்கள், போனார்கள். பூஜை கழிந்து மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நிகில் விளிம்பு சீவிக்கொண்டிருந்தபோது லோட்ஷெடிங், கரண்டு போயிற்று. இயந்திரம் நின்றது. சும்மா இருப்பானேன் என்று அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, பிட்டை மாற்ற மேஜைக்கு அடியில் கையை விட்டார். பிளக் சுவரில் இருந்தது. சுவிட்சும் போட்டபடி இருந்தது. வழக்கமாக இரண்டு மணி நேரம் வராத கரண்டு அன்று ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

நான் அன்று பட்டறையில் இல்லை. டீச்சர் இருந்தார். புடவைத் தலைப்பைக் கிழித்து நிகிலின் கையில் சுற்றி, டாக்சி பிடித்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இடது கையில ரெண்டு விரல்" என்றார். நான் எழுதி ஒட்டிய காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. சுவிட்சை அணைக்காமல் கையை விட்டது தச்சரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு, அவருக்குப் பதில் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார் செயலாளர். அந்த அறையில் நான்கு போல்ட்டுகளின் கதை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் எழுந்தார். "நிகில் மேல தப்பு இல்ல. மெஷினைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. தாள்ல பாருங்க, ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு என்னுது" என்றார். அவர் அழுத்திச் சொன்ன விதத்தில் செயலாளர் பேனாவை மூடிவிட்டார். நிகிலின் வேலை தப்பியது. மற்றக் கையெழுத்துக்குச் சொந்தக்காரனான நான் வாயைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்து டிராமுக்கு நின்றபோது, "என்னைக் காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களைக் காப்பாத்தணும்னு நான் ஒண்ணும் சொல்லல. சரியில்லன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்ல, அது என் தப்பு. அதைத்தான் சொன்னேன். உங்க தப்பு வேற. அதை கமிட்டிகிட்ட சொல்ல வேண்டாம். நிகில்கிட்ட சொல்லுங்க" என்றார். டிராம் வந்தது. அவர் ஏறிப் போனார். அந்த விஷயத்தை அதன் பிறகு அவர் என்னிடம் எடுக்கவே இல்லை.

மோட்டார் தனியாகக் கழன்று வரும் இயந்திரம் பின்னர் பம்பாயிலிருந்து வந்தது. ஆறு மாதம் கழித்து நிகிலும் திரும்பி வந்தார். முதல் நாள் அவர் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை, உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கரண்டு போகும்போதெல்லாம் தானே எழுந்து போய், சுவிட்சை அணைத்து, மோட்டாரை உருவி மேஜைமேல் வைத்தார். மூன்றாம் வாரம் நிகில் எழுந்து போய் அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டார்.

நான் பயந்ததும் ஒருநாள் நடந்தது. பட்டை தளர்ந்து, மோட்டார் நழுவி, பாதி முடிந்திருந்த பலகை ஓட்டையாயிற்று. டீச்சர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சார். நழுவத்தான் செய்யுது. பலகை போச்சு" என்றார். பிறகு, "பலகைதானே" என்றார். குத்திக்காட்டும் குரலே இல்லை.

ஒன்பது வருஷம் நிகிலோடு ஒரே கொட்டகையில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் தாக்குரியாவில் அவர் வீட்டுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு போவேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறுவேன். அவர் மனைவி தேநீர் கொடுப்பார். இடது கையால் நிகில் தட்டைப் பிடிப்பதைப் பார்ப்பேன். சொல்லாமல் இறங்கி வருவேன்.

டீச்சரைத் தகனம் செய்ய எடுத்துச் சென்ற அன்று நிகிலும் வந்திருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவர் கங்கைப் பக்கத்துச் சுவரோரம் தனியாக நின்றார். நான் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வங்காளமெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "அந்த மெஷின், நிகில், நான் வாங்கியது. தீதி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை." அவ்வளவுதான் வந்தது.

"தெரியும் பாபு" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே தீதி சொல்லிவிட்டார். தான் கையெழுத்துப் போட்டதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்."

"பிறகு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"கேட்கத்தான் இருந்தேன். கோபம் நிறைய இருந்தது. 'அவரே வந்து சொல்வார், பொறுத்துக்கொள்' என்றார் தீதி. பூஜைக்குப் பூஜை நீங்கள் வருவீர்கள். இந்தத் தடவை சொல்வீர்கள் என்று நினைப்பேன். தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவீர்கள். மூன்று, நான்கு வருஷத்துக்குப் பிறகு நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். தீதி விடவில்லை. போன மாதம்கூடக் கேட்டார், சபாபதி பாபு வந்து பேசினாரா என்று."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "ஆகட்டும்" என்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மட்டும் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் பலர் டீச்சரின் கண்டிப்பைப் பற்றியும், கணக்குப் பாடத்தைப் பற்றியும், புடவைத் தலைப்பைக் கிழித்ததைப் பற்றியும் பேசினார்கள். பட்டறையை இத்தனை காலம் தாங்கியவன் என்று என்னையும் ஒருவர் பாராட்டினார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இந்தத் தடவை என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது ஒன்றுதான். நான் சொல்வேன் என்று போன மாதம்வரை ஒருவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் இருக்கும்போது நான் காப்பாற்றவில்லை. இனி நான் வாய் மூடி உட்காரப் போகும் ஒவ்வொரு அறையிலும் அவர் நிகிலிடம் கேட்ட அந்தக் கேள்வி என் காதில் விழும். விழட்டும்.