கும்மிடிப்பூண்டியில் இருந்த குணா

‘பெயர்: அ. குணா. பணி: வெல்டர். பணியிடம்: கும்மிடிப்பூண்டி. வருகை: முழு நாள்.’ 2006 ஜூலை மாதத்து வருகைப் பதிவேட்டில், ஞாயிறு நீங்கலாக, எல்லா நாளுக்கும் இப்படித்தான் இருக்கிறது. அந்த மாதம் முழுவதும் குணா ஓமானில் இருந்தான்.

மோசடி என்று இதைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் வருத்தப்படுவார்கள். எல்லோருக்கும் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். சிப்காட்டில் ஓர் உருக்காலையில் எட்டு வருஷம் பத்து மாதம் அவனுக்கு பி.எஃப். பிடித்தார்கள். ஆலை மூடியதும் ஏஜெண்டைப் பிடித்து ஓமான் போனான்; பி.எஃப். நின்றது. பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். அரசாங்கம் பெரிய மனது பண்ணி ஒன்பதரையையே பத்தாக எடுத்துக்கொள்ளும். ஆக, எட்டு மாதம் குறைந்தது. நாற்பத்தாறு வயது வெல்டரை எட்டு மாதத்துக்காக யார் சம்பளப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

காண்ட்ராக்டர் துளசிராமன் சேர்த்தார். அவருக்கு ஓமானில் குழாய் வேலை; கும்மிடிப்பூண்டியிலோ டெண்டருக்காக ஆள் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம்.

“வேலை அங்க, பேரு இங்க. பி.எஃப். நான் கட்டறேன். நடுவுல ஊருக்குப் போறேன்னு கெளம்புனா ரெண்டும் போச்சு, இன்னா?” என்றார்.

ஓமானில் அறையில் கூட இருந்த பழவேற்காட்டு ஹனீப்புக்கு இதில் ஓயாத சிரிப்பு. “இன்னா நைனா, கும்மிடிப்பூண்டில இன்னிக்கு மழையா?” என்பான்.

“நல்ல மழை பாய்” என்பான் குணா, வியர்வையைத் துடைத்தபடி.

ஆறாவது மாதமான அந்த ஜூலையில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியில் அப்பா அப்பாவு இறந்துபோனார். விடியற்காலையில் மனைவி தமிழ்செல்வி போனில் சொன்னாள். குணா “எப்போ?” என்று கேட்டான். பிறகு “சாப்டாரா?” என்று கேட்டான். அதை ஏன் கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தான். ஷிப்டு பஸ்தான் வந்தது. ஏறிக்கொண்டான்.

சாயங்காலம் மறுபடி பேசினாள்.

“உங்க கம்பெனிலர்ந்து மோசஸ்னு ஒருத்தர் மாலை எடுத்துக்கினு வந்தாரு. போட்டுட்டுப் போவ வேண்டியதுதானே? ‘குணா எங்கம்மா? காலைலதான் பிரசன்ட் போட்டேன், லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பமே’ன்றாரு. அவ்ளோ பேரு முன்னாடி!”

மோசஸ், துளசிராமனின் குமாஸ்தா. பட்டியலில் உள்ள பெயர்களுக்கு டிக் போடுவார். முகங்களைப் பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை.

“நீ இன்னா சொன்ன?”

“உங்க பேரை எடுத்துடப் போறாங்களேன்னு வாயை மூடிக்கினேன். இப்ப உங்க பெரியம்மா, ‘அப்ப ஓமான்னது பொய்யா? ஒரு மணி நேர பஸ்ஸு, பெத்த அப்பனுக்கு வரல. கும்மிடிப்பூண்டில எவகூட கீறான்?’னு கேக்கறாங்க.”

“கொள்ளி யாரு வெச்சது?”

“உங்க தங்கச்சி ஊட்டுக்காரரு. கருமாதிக்காச்சும் வாங்க. நேர்ல வந்து நின்னாத்தான் இவங்க வாய் அடங்கும்.”

ஹனீப்புக்கு அன்று சிரிப்பு வரவில்லை. “போய்ட்டு வா நைனா, டப்பு நான் தரேன்” என்றான்.

“பேரு பூடும் பாய்.”

குணா கருமாதிக்குப் போகவில்லை. மீதி இரண்டு மாதமும் ஓமானில் வெல்டிங் வேலை பார்த்து, பென்ஷனுக்குக் குறைந்த எட்டு மாதத்தை நிரப்பிவிட்டு, அக்டோபர் முதல் வாரம் ஊருக்கு வந்தான்.