அம்மாவுக்கு ஒரு பாத்ரூம்

‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஆய்வின்போது வீடு பூட்டியிருந்தது.’

போன மாதம் ஆபீசில் இருக்கும்போது என் போனுக்கு வந்த மெசேஜ் இது. வீடு பூட்டியிருந்ததா? உள்ளே அம்மா இருக்கிறாரே! பதறியடித்துக்கொண்டு போன் போட்டேன்.

“யாரோ வந்தாங்கடி. பெல் அடிச்சாங்க. ‘இதோ வரேன், இதோ வரேன்’னு சொல்லிக்கிட்டே வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். கதவைத் திறக்கிறதுக்குள்ள பைக் கிளம்பிடுச்சு...”

விஷயம் புரிகிறதா? என் அம்மாவால் சரியாக நடக்க முடியாது. அதனால்தான் அவருக்காக ஹாலை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்ட அனுமதி கேட்டிருந்தேன். அவர் நடந்து வந்து கதவைத் திறக்க நேரமானதால் அந்த அனுமதி இல்லையாம். எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்?

எங்கள் வீடு சென்னை அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கம். அப்பா கட்டியது. அவர் போன பிறகு நானும் அம்மாவும்தான். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும், பாத்ரூமைத் தவிர. அது மட்டும் வெளியே, கொல்லைப்பக்கம். படி இறங்கிப் போக வேண்டும். கோடையில் அந்தப் படியில்தான் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், வாக்கர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா தன் பிரச்சினைக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். காலையில் அரை டம்ளர் காபி, மாத்திரை போட ஒரு வாய் தண்ணீர்... அவ்வளவுதான். “நீ ஆபீஸ் போயிட்டா என்னை யாருடி கூட்டிட்டுப் போவா?” ஓட்டை போட்ட சேர் ஒன்று வாங்கி வந்தேன். “ஹால்ல உக்காந்தா? வெக்கமா இருக்குடி” என்று அதில் துணி மடித்து வைத்துவிட்டார்.

விளைவு? காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன். அது குணமாகி மறுபடியும் இன்ஃபெக்‌ஷன். “வயசானவங்களுக்குத் தண்ணிகூடக் கொடுக்க மாட்டீங்களா? கிட்னி போயிடும்” என்று டாக்டர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வராந்தாவுக்கு வந்து நன்றாக அழுதேன். மழைக்காலம் வேறு வரப்போகிறது. பாசி பிடித்த அந்தப் படியில் அம்மாவை இறக்கவே முடியாது.

எங்கள் ஏரியா கான்ட்ராக்டர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். ஹாலுக்குப் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “ஒரு வாரம்க்கா. முடிச்சுக் குட்த்துடுறேன்” என்றார்.

“பர்மிஷன் வாங்கணுமே ஏழுமலை?”

ஏதோ நான் அவரைத் திட்டிவிட்ட மாதிரி பார்த்தார். “இன்னாக்கா நீ! கேட்டாத்தான் வாணாம்பாங்க. கட்டிட்டா எவன் வந்து கேக்கப் போறான்? இந்தத் தெருவுல யாரு கேட்டுக்கினு கட்டிக்கீறாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஒழுங்கு பேசுகிறவள் நான். என் வீட்டுக்கே திருட்டு பாத்ரூமா? போதாததற்கு அடுத்த தெருவில் அனுமதியில்லாமல் எழுப்பிய சுவர் ஒன்றை அப்போதுதான் இடித்திருந்தார்கள். பிறகென்ன... ஆன்லைனில் விண்ணப்பம்!

முதலில் பட்டா கேட்டார்கள். அது அப்பா பெயரில் இருந்தது. அதற்கு வாரிசுச் சான்றிதழ். அடுத்து வீட்டின் பழைய பிளான். அதை ஸ்கேன் பண்ணிப் போட்டால் ‘ஃபைல் பெரியதாக உள்ளது’ என்றது சைட். சுருக்கிப் போட்டால் ‘தெளிவாக இல்லை’ என்றது. பெரிதாக்கி, சுருக்கி, மறுபடி பெரிதாக்கி... அந்த பிளானோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏற்றி முடித்த அன்று முழங்கால் போட்டு ஜெபமே சொன்னேன்.

இதற்கிடையில் அவசரக்குடுக்கை மாதிரி ஒரு காரியம் செய்தேன். எப்படியும் அனுமதி வந்துவிடும் என்று பாடி கடைத்தெருவுக்குப் போய் வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். அது அட்டைப்பெட்டியோடு ஹால் நடுவே உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்வோம், அன்பியம் என்போம். அதில் எங்கள் வீட்டு முறை வந்தபோது, ஜெபமாலை சொன்ன நேரம் பூராவும் எல்லோர் கண்ணும் அந்தப் பெட்டி மேல்தான். ஒரு அக்கா அதன்மேல் ஹேண்ட்பேக்கை வைத்துவிட்டு, “உள்ள என்னம்மா, கேக்கா?” என்று கேட்டார்.

இந்த லட்சணத்தில்தான் ‘வீடு பூட்டியிருந்தது’ மெசேஜ். நேரில் போனேன். கவுன்டரில், “மறுபடி அப்ளை பண்ணுங்க” என்றார்கள். பண்ணினேன். வேறென்ன செய்ய?

போன வியாழக்கிழமை ஆய்வு என்று மெசேஜ் வந்தது. அன்று லீவு போட்டுவிட்டு காலையிலிருந்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெல் அடிக்கவே விடக்கூடாது என்று வைராக்கியம். ஒரு வழியாகச் சாயங்காலம் இன்ஜினீயர் வந்தார். சின்ன வயசுப் பையன். மரியாதையாகப் பேசினார். பக்கவாட்டு இடத்தை டேப் வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இங்க முடியாது மேடம். காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இவ்வளவு இடம் காலியா விட்டே ஆகணும்.”

அவர் நான் ஏற்றிய பிளானைப் போனில் விரித்துப் பார்த்தபடியே ஹாலுக்குள் வந்தார். ஒரு மூலையைக் காட்டினார்.

“புதுசா எதுக்கு மேடம் கட்டுறீங்க? பிளான்ல இங்க ஏற்கெனவே ஒரு டாய்லெட் அப்ரூவ் ஆகியிருக்கே. அதைக் காணோமே?”

அவர் காட்டிய இடம் எங்கள் ஜெப அறை. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேளாங்கண்ணி மாதா நின்றுகொண்டிருந்தார்.

நூறு தடவை சுருக்கி விரித்த அந்த பிளானை, ஒரு தடவையாவது நான் படித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

“இந்த இடத்துல கட்டுறதுன்னா நீங்க எங்ககிட்ட வந்திருக்கவே வேணாம்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அம்மாவிடம்தான் பாய்ந்தேன். “உனக்குத் தெரியுமாம்மா இது?”

“தெரியும். உங்கப்பா கடைசி நேரத்துல மாத்திட்டார். அது ஈசானிய மூலை, அங்க கக்கூஸ் வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டான். நமக்கு ஏதுங்க வாஸ்துன்னு நான் கேட்டேன். ‘நம்ம வேதம் வேறடி, மூலை வேற’ன்னுட்டார்.”

ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத மனுஷன் என் அப்பா! அந்த மூலைக்குப் பயந்து பாத்ரூமைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, அங்கே மாதாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அம்மா இத்தனை வருஷமும் மழையில் குடையோடு படி இறங்கியது இதற்காகத்தான். பாவி மனுஷா, உன்னை என்ன சொல்ல?

மறுநாள் ஏழுமலை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “யக்கா, வாணாம்க்கா! சாமி கீற ரூம்பு. நான் கை வெக்க மாட்டேன். உங்க சாமியா இருந்தா இன்னா, அதுவும் சாமிதானே?”

எனக்கும் பயம்தான். நான் முழித்துக்கொண்டு நிற்கும்போது அம்மா வாக்கரைத் தள்ளியபடி வந்தார். ஜெப அறை வாசலில் நின்று மாதாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

“தூக்கி ஹால்ல வைங்க. அவங்க எங்க வெச்சாலும் நிப்பாங்க. எனக்குத்தான் நிக்க முடியலை.”

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இது தெரிந்திருந்தால் முதல் நாளே மனுவை மாதாவிடம் கொடுத்திருப்பேன்.