பரஸ்தானம் போன டயப்பர் பை

மாடம்பாக்கம் குமரவேலுக்குக் கப்பல் ஆசை வந்ததற்குக் கடலும் காரணமில்லை, காற்றும் காரணமில்லை. சகலைதான் காரணம். அந்தச் சகலை பெண்டாட்டி பிள்ளையோடு பாங்காக் போய்விட்டு வந்து குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டோவாகக் கொட்டினான். குமரவேலுக்கு வயிறு எரிந்துவிட்டது. அப்பா காலத்து நெல்லு நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, அந்தக் காசில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற குடும்பம். நாலு பேர் பார்க்கிற மாதிரி எதையாவது செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. துறைமுகத்திலிருந்து கிளம்பி நாலு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு வரும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டான். போட்ட பிறகுதான் பெண்டாட்டி கோகிலவாணியிடம் சொன்னான்.

"உனக்காகத்தான் போட்டேன். வந்து நல்லா ரெஸ்ட் எடு."

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம். மூத்தவன் வெற்றிவேலுக்கு மூணு வயசு. அடுத்தது இரட்டைப் பெண்கள், தவழ்ந்து போய் வாசல் செருப்பைக் கடிக்கிற பருவம். வெற்றி பிறந்ததிலிருந்து அவள் சூடாக ஒரு வாய் தின்றதில்லை, ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினதில்லை. கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தனி ரூமும் ஆளும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. இடுப்பில் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்து ஒரு சாப்பாடு, யாரும் எழுப்பாத ஒரு தூக்கம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கடலை அவள் பார்க்கக்கூட வேண்டாம்.

மூட்டை கட்ட ஆரம்பித்ததும் மாமியார் தையல்நாயகி களத்தில் இறங்கினார். அவர் கப்பலுக்கு வரவில்லை, கடல் காற்று ஒத்துக்காதாம். வராதவர்களுக்குத்தான் யோசனை அதிகம். வசம்பு, உரைமருந்து, ஓமத்தண்ணி, சாம்பிராணி போட மண்சட்டி, திருஷ்டி கழிக்க மிளகாய் என்று ஒவ்வொன்றாக வந்து கட்டிலில் உட்கார்ந்தது. கப்பலில் சாம்பிராணி போட்டால் தீயணைக்க ஆள் வருவான் அத்தை என்று கோகிலவாணி சொன்னாள். "வரட்டுமே, அவனுக்கும் கொஞ்சம் காட்டு" என்றார்.

அப்புறம் தூளிப் பிரச்னை. இரட்டைகள் சேலைத் தூளியில்தான் தூங்கும். "கப்பல்ல மேல கொக்கி கீதான்னு கேளுடா" என்று மகனை விரட்டினார். குமரவேலும் டிக்கெட் போட்ட ஏஜென்ட்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுக் கேட்டான். "சார், மேல தண்ணி பீச்சற குழாய்தான் இருக்கு. தயவுசெஞ்சு அதுல எதையும் கட்டிடாதீங்க" என்றான் அந்தப் பையன்.

குமரவேல் தன் பங்குக்கு மூட்டை கட்டியது இவ்வளவுதான்: பூப்போட்ட சட்டைகள், ஒரு தொப்பி, மூணு கூலிங் கிளாஸ். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று ஸ்டேட்டஸுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோகிலவாணிதான் பெரிய நீலப் பையில் டயப்பர், பால்பவுடர் டின், பால் பாட்டில், சத்துமாவு, ஜுர மருந்து, வெற்றி கட்டிப்பிடித்துத் தூங்குகிற அழுக்குத் தலையணை எல்லாம் அடுக்கினாள். அடுக்கும்போதே கப்பல்காரன் அனுப்பிய விதிகளைப் போனில் ஓட்டினாள். டயப்பர் போடுகிற பிள்ளைகளை அந்த ரூமில் சேர்க்க மாட்டார்களாம்.

அடுக்குவதை விட்டு எழுந்தாள். போனைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் காட்டினாள். அவன் கூலிங் கிளாஸோடு படித்தான்.

"அட, பரவால்ல விடு. அதான் நீ இருக்கியே."

கேட்டீர்களா. ரெஸ்ட் எடுக்கப் போகிறவளுக்குக் கிடைத்த பதில் இது. அடுப்படியையும் தூளியையும் கப்பலில் ஏற்றி, அவளையும் ஏற்றி, ஐயா மேல்தளத்தில் காலை நீட்டிப் படுக்கப் போகிறார். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அழ நேரமில்லை, வெற்றி சோப்பைத் தின்றுகொண்டிருந்தான்.

கப்பல் கிளம்புவது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் காலண்டரைப் பார்த்த தையல்நாயகி தலையில் கைவைத்தார். செவ்வாய்க்கு வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக்கூடாது. துறைமுகம் வடக்கே. ஆனால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்களே நம் பெரியவர்கள். நல்ல நேரத்தில் ஒரு பையை முன்கூட்டியே வெளியே அனுப்பி இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். பரஸ்தானம் என்று பெயர். ஒரே நிபந்தனை, போன பை வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

வடக்கே மூணாவது வீடு ஹில்டா டீச்சருடையது. ஸ்கூலிலிருந்து ரிட்டயராகித் தனியாக இருக்கிறவர். வேதக்காரர் வீட்டுக்குச் சூலம் செல்லுமா என்று மாமியாருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. திசைக்கு மதமேது என்று தானே தீர்த்துக்கொண்டார். மருமகள் வெற்றியின் வாயைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், கட்டி முடித்துத் தயாராக இருந்த ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போய் டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அது நீலப் பை.

விளக்கு வைத்த நேரத்தில் இரட்டையில் ஒருத்திக்கு டயப்பர் மாற்ற வேண்டியிருந்தது. பையைக் காணோம்.

"எடுத்தாராதே. பயணம் முறிஞ்சிடும்" என்றார் மாமியார்.

"அதுலதான் அத்தனையும் இருக்கு அத்தை. ஒரு டயப்பராவது எடுத்துக்கறேன்."

"ஒரு துணிகூட திரும்பி வூட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

குமரவேல் சோபாவில் படுத்தபடியே வழி சொன்னான். "பை வரக்கூடாதுன்னா பிள்ளைய பைகிட்ட தூக்கிட்டுப் போயேன். மூணு வீடுதானே. பிள்ளை இடுப்புல ஏறிட்டா அது பை கணக்குல வராது." சொல்லிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

கோகிலவாணி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனாள். மாற்றினாள், வந்தாள். அதற்குள் அடுத்தவள் நனைத்திருந்தாள். அவளையும் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். பாலுக்கு ஒருதரம் நடை. கடைசியில் வெற்றி தலையணை கேட்டுத் தரையில் புரண்டான். அவனை விட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று பார்க்கத் தனியாகப் போனாள்.

டீச்சர் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, தட்டில் ஆவி பறக்க இட்லியும் வடகறியும் வைத்தார். "முதல்ல தின்னு" என்றார். கோகிலவாணி தின்றாள். நாக்கு சுட்டது. எத்தனை காலமாயிற்று நாக்கு சுட்டு. மூணாவது இட்லியில் அவளுக்கு மாமியாரின் சட்டம் முழுசாக விளங்கிவிட்டது. போனை எடுத்தாள்.

"அத்தை, நானும் பரஸ்தானம் வந்துட்டேன். வந்தவ திரும்பி வரக்கூடாது. காலைல போற வழியில என்னைக் கூட்டிக்குங்க."

தையல்நாயகி மறுத்தால் சூலம் பொய்யாகிவிடும். சட்டம் போட்டவரே சட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் குமரவேல் மருந்துக் கடையிலிருந்து கூப்பிட்டான். "டயப்பருக்கு பிள்ளைங்க வெயிட்டு கேக்கறான். எத்தனை கிலோ?"

"நீங்க பெத்த பிள்ளைங்கதானே. சொல்லுங்க."

டைல்ஸ் பெட்டி எத்தனை கிலோ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன், முழித்தான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டு அளவையும், பால் கலக்குகிற விதத்தையும் சொல்லிவிட்டு, போனை அணைத்தாள். டீச்சர் விரித்த படுக்கையில் விழுந்தவள், விடிந்து பால்காரன் மணி அடிக்கிறவரை புரளக்கூட இல்லை.

காலையில் காரை வாசலில் நிறுத்திவிட்டு டீச்சர் வீட்டு கேட்டில் வந்து நின்றான் குமரவேல். இரண்டு கையிலும் இரண்டு பெண்கள், அவன் அரைக்கால் சட்டையைப் பிடித்துத் தொங்குகிற வெற்றி, தோளில் காய்ந்த பால் வாந்தி. கண் சிவந்து வீங்கியிருந்தது. இப்போதுதான் கூலிங் கிளாஸ் உண்மையிலேயே தேவைப்பட்டது, ஆனால் போட அவனுக்குக் கை இல்லை. பின்னால் தையல்நாயகி தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வாணி, கப்பலை கேன்சல் பண்ணிடலாமா?"

"ஏன்?"

"ஒரு ராத்திரிக்கே உயிர் போயிடுச்சு. நாலு ராத்திரி, ஒரே ரூம்ல, இதுங்க மூணையும் வச்சுக்கிட்டு... மனுஷன் செய்யற வேலையா இது?"

கோகிலவாணி தலைமுடியை நிதானமாக அள்ளி முடிந்தாள்.

"அப்ப இத்தனை நாளா செஞ்ச நான் யாரு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார். அவரும் மூணு பெற்றவர்தான்.

நீலப் பையை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கார் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். "கப்பலுக்குப் போறோம். ராத்திரி உங்களுது, பகல் என்னுது. ஏறுங்க பின்னாடி" என்றாள். பிள்ளைகளின் சீட்டுகளுக்கு நடுவில் தொப்பையை மடக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

வண்டி ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டுவதற்குள் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. பிள்ளைகளா, அவனா என்று பார்க்க அவள் திரும்பவில்லை.