சந்தேகக்காரன் டயர் வாங்கிய கதை

எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். கரும்பு லோடு எடை மேடைக்குப் போனால் நானும் கூடவே போய் நிற்பேன். பெட்ரோல் போடும்போது இறங்கி, மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பாகூர் பக்கம் கரும்பு வைத்துப் பிழைக்கிற இப்படிப்பட்ட ஆள், இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? சின்ன வயதிலிருந்து ஆசை. வேறு காரணம் கிடையாது.

என் மனைவி அரியூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கார் வந்த பிறகு தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். அவளும் ஆசையாகத்தான் வந்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள், மழைக்காலத்தின் முதல் தூறலில், ஏரிக்கரை வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, வயலுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. அவள் இறங்கினாள், பையை எடுத்துக்கொண்டாள், டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரமே சோரியாங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் எல்லாரும் கார் சுற்றிய கதையைக் கேட்டார்கள். "டயரு லேசாதான் வழுக்குச்சு. இவ கத்திக்குனு கையப் புடிச்சி இழுத்துட்டா, வண்டி சுத்திடுச்சு" என்றேன். பந்தியே சிரித்தது. அவள் அண்ணன், என் மச்சான், "அது சின்ன வயசுலயே பயந்தாங்கொள்ளி" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் கத்தியது உண்மை. வண்டி திரும்பும் முன்பா, திரும்பிய பின்பா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்.

அவள் இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அது தாங்கவில்லை. பக்கத்து சீட் காலியாக ஓட்டுவதற்கா அந்தக் காரை வாங்கினேன்? நல்ல டயராகப் போட்டுவிட்டால் பயம் போய்விடும், ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு டயர் தேடக் கிளம்பினேன்.

முதலில் போனில் வீடியோ பார்த்தேன். ஒரு டயரைப் பாராட்டினவன் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று தோன்றியது. திட்டினவன் போட்டிக் கம்பெனி ஆள் என்று தோன்றியது. பிறகு டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். அது எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்று சொல்லும். கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போன் டார்ச்சை அடித்து அதைத் தேடுவேன். ஒரு கடையில் அந்த இடத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

மச்சான் வில்லியனூரில் ஒரு கடை சொன்னார். "நம்பிப் போங்க மாப்ள, நமக்குத் தெரிஞ்ச ஆளு." நம்பிப் போ என்று யாராவது சொன்னாலே எனக்கு உடம்பு அரிக்கும். இவருக்கு அங்கே என்ன கமிஷனோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கடைக்காரர் காரின் போட்டோவைப் பார்த்தார். "இதுக்கு வேகத்துக்குன்னே செய்யற பெர்ஃபாமன்ஸ் டயருதான் வரும். அதுலயே ஆல் சீசன் எடுத்துக்குங்க. வெயிலு, மழ, பனி எல்லாத்துக்கும் தாங்கும்" என்றார்.

"பாகூர்ல எப்பங்க பனி கொட்டுச்சு?" என்று கேட்டேன். வராத பருவத்துக்கும் சேர்த்து என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். "பனிய வுடுங்க. இதுல காடி, அதான் இந்தப் பள்ளக் கோடு, ஆழமா, நெறையா இருக்கும், தண்ணிய வாரி வெளிய தள்ளும். ஆனா நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் சீக்கிரம் தேயும். வேகமா வளைச்சா, இப்ப இருக்கற டயரு அளவுக்குப் புடிக்காது. நீங்க ரேஸுக்கா போவப் போறீங்க?"

தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. இருந்தாலும் மழைக்காலம் முழுக்க முன்னால் இருந்தது. முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் அதைவிட அகலமான அளவு என்று நான்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

டயர் வந்துவிட்டது என்று போன் வந்ததும், காய்ந்த நாளாகப் பார்த்து, காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிப் போனேன். நாலு எண்ணையும் நாலு டயரிலும் பார்த்தேன். புதுசுதான். கழற்றும்போது எதையாவது மாற்றிவிடுவார்களோ என்று மெக்கானிக்கின் தோளை ஒட்டியே நின்றேன். அவர் என் வயதுக்காரர். பழைய பின் டயரின் காடிக்குள் விரலை விட்டு எடுத்து என் முன் நீட்டினார். கறுப்பாகப் பிசுபிசுவென்று, மணல் ஒட்டியிருந்தது.

"இன்னா சார் இது? ஆயில் தடவுனீங்களா?"

ஆயுத பூஜைக்கு டீசலும் பழைய ஆயிலும் கலந்து டிராக்டர் டயரைத் துடைப்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் வழக்கம், கறுப்பாக மின்னும். பூஜை முடிந்ததும் டிராக்டர் சேற்றில் இறங்கிவிடும், ஒன்றும் தெரியாது. இந்தக் காரின் பின் டயர் அகலம். பின்னால் நின்று பார்த்தால் ரோட்டில் படும் பரப்பே கண்ணுக்குத் தெரியும். அதுவும் மின்னட்டும் என்று, இழுத்து இழுத்துத் துடைத்தவன் நான்தான். மறுநாள் காலையில் மழை.

"பழசே இன்னும் ஒரு வருஷம் ஓடும், நல்லா கழுவிட்டா போதும். புதுச வேணும்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்றார் கடைக்காரர். சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோய் நான் ஒருவன்தான் மிச்சம். வெட்கமாக இருந்தது. புதுசையே போடச் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் காரை நிறுத்தி, "புது டயரு. ஏறு" என்றேன்.

"அப்ப டயருதான் காரணமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் ஆயில் தடவியதைச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"ஆயிலா டயரான்னு எனக்குத் தெரியாது. வண்டி திரும்பனதுக்கு அப்புறம்தான் நான் கத்தனேன். ஒங்க கைய நான் தொடவே இல்ல. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க முந்திக்குனீங்க. எல்லாரும் சிரிச்சி முடிச்சிட்டாங்க. இப்ப எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க போய் சொல்லுங்க." பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

நேராக சோரியாங்குப்பம் போனேன். வழியில் நல்ல மழை. டயர் ரோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு போனது. எனக்குத்தான் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. மச்சான் வீட்டில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். ஆயில் தடவியது நான், அவள் கையைப் பிடிக்கவே இல்லை, நான் சொன்னது பொய்.

மாமியார் மெதுவாக, "வூட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டார். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்காரர்களை நான் பார்ப்பேனே, அதே பார்வை.

"அவ சொல்லச் சொன்னாளா மாப்ள? சரி வுடுங்க. பொம்பளைங்க கத்தறது சகஜம்தான்."

நான் பொய் சொன்ன அன்று அந்த வீட்டில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. என் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தார்கள். அதைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.