இடது கையில் ஒரு கரண்டி

நாங்கள் குடியிருக்கும் ஊரில் வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும். நியூசிலாந்தின் தென்தீவில், மனிதர்களைவிட ஆடுகள் ஜாஸ்தியாக உள்ள ஒரு பள்ளத்தாக்கு இது. வந்த புதிதில், பக்கத்துப் பண்ணைக்காரர் கிரஹாமின் நாலு சக்கர பைக் வேலியோரம் சாவியோடு நிற்பதைக் கண்டு பதறிப்போனேன். ஆம்பூரில் பைக்கை நிறுத்தினால் ஹேண்டிலைப் பூட்டி, சங்கிலியும் போட்டு, டீக்கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சாவியை உருவி, ஒரு உறையில் போட்டு, அவர் வீட்டுத் தபால் பெட்டியில் பத்திரமாகச் சேர்த்தேன். மனிதர் அன்று முழுவதும் வைக்கோல் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானும் போய்க் கூடவே தேடினேன். எதைத் தேடுகிறோம் என்று கேட்கும் துணிச்சல் அப்போது என் ஆங்கிலத்துக்கு இல்லை.

அந்த வண்டியை இங்கே ‘குவாட்’ என்கிறார்கள். பைக்கின் ஹேண்டில், டிராக்டரின் சாயலில் நான்கு தடித்த சக்கரங்கள், முன்னும் பின்னும் இரும்புக் கேரியர். கிரஹாமுடையது பழைய வண்டி. ஹெட்லைட் இரண்டும் எரியாது, பிரேக் பிடிக்காது. ஏற்றமான இடமாகப் பார்த்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுவதுதான் நிறுத்தும் முறை. நானும் அப்படியே பழகி, இரண்டு குளிர்காலம் விறகு ஏற்றினேன். “உங்கள் ஊரில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள்?” என்று ஒருமுறை கேட்டார். “ஹாரன் அடிப்போம், எதிரே வருபவர் நிறுத்திவிடுவார்” என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். நல்ல ஏற்பாடு என்பதுபோலத் தலையாட்டினார்.

விவகாரம் பிரியாணியில் தொடங்கியது. ஆம்பூரில் தோல் கம்பெனி ஃபினிஷிங் பிரிவில் இருந்தவன், இங்கே ஆட்டுத்தோல் பதனிடும் ஆலையில் இருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளைதோறும் சக ஊழியர்களிடம் எங்கள் ஊர் பிரியாணியைப் பற்றிப் பேசிப் பேசியே இரண்டு ஆண்டுகளை ஓட்டியிருந்தேன். போன ஆண்டு ஜூனில், ஊர்க்கூடத்துக் குளிர்கால விருந்து முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு யாரும் எதையும் சமைக்கப்போவதில்லை. “வாயை வெச்சிக்கினு சும்மா இருந்தீங்களா? சோறு போய்ச் சேரலன்னா ஊரே பட்டினி. அப்புறம் இங்க தலை காட்ட முடியுமா?” என்றாள் என் மனைவி செல்வி. அந்த வாரமே மழையில் ஓடைப்பாலம் உடைந்து, எங்கள் வீட்டிலிருந்து கூடத்துக்குக் கார் போகும் வழி அடைபட்டது. மிச்சமிருந்தது கிரஹாமின் மேய்ச்சல் சரிவு. அதில் இறங்க குவாட் ஒன்றால்தான் முடியும். விருந்து மூன்றாம் சனிக்கிழமை மாலை. ஊரில் ஆனி பிறந்தும் வெயில் தணிந்திருக்காது. இங்கே ஐந்து மணிக்கே கும்மிருட்டு. விளக்கும் பிரேக்கும் இல்லாமல் பிரியாணி அண்டாவோடு சரிவில் இறங்க முடியாது. கிரஹாமிடம் சொன்னேன். உதிரிபாகங்களை எப்போதோ வாங்கி, பிரிக்காமலே கொட்டகையில் வைத்திருந்தார். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு ஆடு பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வேலூர் லாங் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் தோஸ்த் இம்தியாஸை வீடியோவில் அழைத்தேன். அங்கே காலை, கடை திறக்கும் நேரம்.

“இன்னாடா இது, ஆட்டோவுக்கும் பைக்குக்கும் பொறந்ததா?” என்றான். கடைக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஹெட்லைட்டில் புது பல்பு போட்டும் எரியவில்லை. “எர்த்து ஒயரைப் பாரு” என்றான். அதன் முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதும் இரண்டு கண்களும் விழித்துக்கொண்டன. உடனே என் கை தானாகக் கறுப்பு டேப்பை வெட்டி, இரண்டு விளக்கின் நடுவிலும் வட்டமாக ஒட்டியது. ஊரில் நாங்கள் பார்த்த வண்டிகளெல்லாம் அப்படித்தானே பொட்டு வைத்துக்கொண்டு ஓடின! திரும்பி வந்த கிரஹாம் காரணம் கேட்டார். எதிரே வருபவருக்குக் கண் கூசக்கூடாது என்றேன். ஆளரவமற்ற மலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஆடுகள் சார்பில் நன்றி” என்றார்.

அடுத்தது பிரேக். பின் சக்கர டிரம்மைக் கழற்றினால் உள்ளே அரை வயல் சேறு. தேய்ந்த லைனிங்கை, பழக்கதோஷத்தில், தோலின் தடிமன் பார்க்கும் கேஜில் வைத்து அளந்தேன். “டேய், அது இன்னா எக்ஸ்போர்ட் தோலா? தூக்கிப் போட்டுட்டு புதுசை மாட்டுடா” என்று கத்தினான். மாட்டினேன். இடது லீவரில் அறுந்திருந்த கேபிளையும் மாற்றினேன். முன் பிரேக்குக்கு ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தேன். கொட்டகைக்கும் கேட்டுக்கும் நடுவே முதல் கியரில் ஓட்டிக் காட்டினேன். இரண்டு பிரேக்கும் பிடித்தன. “வண்டி பாஸ்! போய் அரிசிய ஊற வை” என்றான் இம்தியாஸ்.

எனக்கு பைக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். பாலாற்றங்கரையோரச் சாலையில், பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கியருக்கும் என் இடது கையில் ஓங்கி அடிப்பான். “கிளட்சு! கிளட்சு புடிடா! பேஜார் பண்ணாத!” அடி வாங்கிய கை பாடத்தை மறக்கவில்லை. இன்றும் கியர் மாற்றக் கால் அசைந்தால் கை தானாக மூடிக்கொள்ளும்.

சனிக்கிழமை மாலை, மாவு பிசைந்து மூடியை ஒட்டி தம் போட்ட அண்டாவைப் பின் கேரியரில் கயிற்றால் கட்டினோம். செல்வி டார்ச்சோடு பின்னால் நடந்து வந்தாள். பொட்டு வைத்த விளக்குகள் சரிவெங்கும் வெளிச்சம் பாய்ச்சின. முதல் கியரில் ராஜாபோலப் போனேன். இரண்டாம் கியருக்குக் காலை அசைத்தேன். கை மூடிக்கொண்டது. வண்டி அப்படியே நட்டுவைத்ததுபோல நின்றது. அண்டா கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் சரிந்து, கொதிக்கக் கொதிக்க என் முதுகில் சாய்ந்தது.

என் அலறலில் ஆடுகள் கூடிவிட்டன. அண்டாவை நிமிர்த்திக் கட்டி மறுபடி கிளம்பினால், மறுபடியும் அதே. முந்தின நாள் நானே கேபிள் மாட்டியிருந்தும் அப்போதுதான் உறைத்தது: குவாட்டில் கிளட்ச் லீவரே கிடையாது. இடது கையில் இருப்பது பின் பிரேக். இரண்டு குளிர்காலமாக ஒவ்வொரு கியருக்கும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த அறுந்த கேபிளைத்தான். பிரேக் கெட்டிருந்தவரை நான் நல்ல டிரைவர்.

“முதல் கியர்லயே போங்களேன்” என்றாள் செல்வி. போனேன். சேற்றில் வண்டி முனகியதும் கால் கியரைத் தேடியது. முதுகில் மூன்றாவது சூடு. இன்னொரு குலுக்கலுக்குக் கயிறு தாங்காது. கீழே கூடத்தில் விளக்கெரிந்தது. அத்தனை பேரும் தட்டோடு காத்திருந்தார்கள். செல்வி டார்ச்சை என் முகத்தில் அடித்தாள். பிறகு பரிமாறக் கொண்டுவந்த நீளக் கரண்டியை என் இடது கையில் திணித்தாள். “இதை மேல தூக்கிப் புடிங்க. கீழ எறக்குனீங்க, நான் குடியாத்தம் அம்மா வீட்டுக்குக் கெளம்பிடுவேன்.”

வலது கையால் ஹேண்டிலும் முன் பிரேக்குமாக, இடது கையில் கரண்டியை வானத்துக்கு உயர்த்தியபடி, ஆடுகள் புடைசூழ, அந்தச் சரிவு முழுவதும் இறங்கினேன். கியர் மாற்றும்போதெல்லாம் கை கரண்டியை நெரித்தது. வண்டி நிற்கவில்லை. கூடத்து வாசலில் நின்றவர்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு கை தட்டினார்கள். ஒரு மூதாட்டி நெஞ்சில் கைவைத்து நின்றார். “உங்கள் ஊர் வழக்கமா இது?” என்று கிரஹாம் பயபக்தியோடு கேட்டார். “ஆமாம்” என்றேன். மாவைக் கீறி மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. பாலம் சரியான பிறகும், ஒவ்வொரு விருந்துக்கும் நான் குவாட்டில் கரண்டியோடுதான் வர வேண்டும் என்பது இப்போது இங்கே மரபு.

மற்ற நாட்களுக்காகக் கரண்டி இல்லாமல் ஓட்டிப் பழகினேன். கஷ்டப்பட்டு, இடது கை என்றால் பிரேக் என்று கைக்குப் புரியவைத்தேன். போன டிசம்பரில் விடுமுறைக்கு ஆம்பூர் போனபோது இம்தியாஸ் தன் பைக்கைக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தான். பஜாரில் தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்ததும் இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். கிளட்சைப் பிடித்த வண்டி எங்கே நிற்கும்? அலுங்காமல் உருண்டு போய் வெங்காய மூட்டைகளில் முட்டி நின்றது.

“இன்னாடா ஆச்சு உன் கைக்கு?” என்று சாவியை உருவிக்கொண்டான் இம்தியாஸ். என்னைப் பின்னால் உட்கார வைத்து அவனே ஓட்டினான். பாலாற்றுப் பாலம் வரை ஒவ்வொரு கியருக்கும் என் இடது கை என் முழங்காலை இறுகப் பிடித்தது. கிளட்சைப் பிடிக்கிறதா பிரேக்கைப் பிடிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.