கிணற்றடியில் கிடைத்த கரி

சென்னை ராஜ்யமா கேரளமா என்ற எல்லைப் போராட்டம் எங்கள் வீட்டுக் கிணற்றுக்காகத்தான் நடக்கிறது என்று நான் கொஞ்சகாலம் நம்பினேன். சிரிக்காதீர்கள், நம்பியவன் தமிழும் மலையாளமும் படித்தவன்.

பூவாருக்குப் போகிற வழியில் புது மனையில் கிணறு வெட்டினோம். செம்மண், வெள்ளைக் களிமண் எல்லாம் தாண்டி, அடியில் கறுப்பாக ஓர் அடுக்கு வந்தது. காய்ந்த கட்டியில் தீயை வைத்தால் புகைந்தது. நிலக்கரிதான் என்று முடிவு கட்டினேன். வங்காளத்தில் கரி கண்ட இடங்களில் கம்பெனிக்காரன் புகுந்து வயலையும் வீட்டையும் குழியாக்கிய கதை எனக்குத் தெரியும். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்காகத் தமிழ்க் கட்சியும் மலையாளக் கட்சியும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அன்றே விளங்கிவிட்டது. இனி வீடும் போச்சு. கிணற்றைப் பலகையால் மூடி, கரிக்கட்டிகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்தேன். மழைக்காலம் வேறு. அழுகிய முட்டைகளோடு படுத்ததுபோல நாற்றம். மனைவி பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தாள்.

ஒருநாள் தமிழ்க் கட்சி ஊர்வலத்தார் தாகத்தோடு வந்து நின்றார்கள். தண்ணீர் இல்லை என்றேன்.

"புதுக் கெணறு வெட்டீட்டு வெள்ளம் இல்லியா? நீரு மத்த கட்சியாக்கும், இல்லியா ஓய்?"

இங்கே தண்ணீர் மறுத்தால் அர்த்தம் அதுதான். முந்தின வாரம் அந்த மற்றக் கட்சிக்காரர்களையும் இப்படித்தான் துரத்தியிருந்தேன். பயத்தில் பலகையை நீக்கி, ஒரு வாளி இறைத்து, கெட்ட தண்ணீர் என்று காட்ட நானே மடக்மடக்கென்று குடித்தேன். குடித்ததெல்லாம் மஞ்சளாக, கொடி பிடித்திருந்தவரின் வேட்டியில் வந்து விழுந்தது.

"எலே மக்கா, வாங்க போவோம். இவன் ஒரு கட்சிக்கும் ஆவமாட்டான்."

மனைவி வாசலைக் கழுவியபடி சொன்னாள்: "கரி கரியெண்ணு காத்தேளே, அடுப்புல போட்டுப் பாப்போமா?"

போட்டாள். புகை வந்தது, கண்ணீர் வந்தது, அரிசி வேகவில்லை. கந்தகம் ஏறிய சோற்றை நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

வங்காளத்துக் கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்கடியில் அழுந்தி இறுகியது என்று பின்னால் படித்தேன். எங்களுடையது அதற்கு முன்னால் பொடியன். கடலோரச் சேற்றில் புதைந்து, பாதி கரியாகி, பாதி அழுகி நின்றுவிட்ட மரம். அதைத்தான் கட்டிலுக்கடியில் வைத்துக் காவல் காத்தேன். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

ஐம்பத்தாறில் எல்லை பிரித்தபோது தெற்கே நாலு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கரி கேட்டு எந்தச் சர்க்காரும் வரவில்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டோம். மனைவி இன்றும் பக்கத்து வீட்டிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறாள்.